மலைச் சாலையில் காரை ஓட்டிப் பார்க்கக் கொடுப்பது எப்படி? (கோத்தகிரி, நேரடி விற்பனை)

அரவேணு வாசி:

அனைவருக்கும் வணக்கம். 2016இல் வாங்கிய என் ஸ்விஃப்ட் பெட்ரோல் காரை விற்கப் போகிறேன். 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முதல் உரிமையாளர் நானே. தரகர் இல்லாமல் நேரடியாக விற்கலாம் என்று படம் போட்டு விளம்பரம் கொடுத்தேன். கடந்த ஞாயிறு சமவெளியிலிருந்து மூன்று பேர் பார்க்க வந்தார்கள். நடந்ததைச் சொல்கிறேன், நான் எங்கே தவறினேன் என்று நீங்கள் சொல்லுங்கள்.

வந்தவர்களில் ஒருவர் சாவியைக் கேட்டார், கொடுத்தேன். அவருடைய நண்பர் முன்னால் ஏறிக்கொள்ள, நான் பின்னிருக்கையில் உட்கார்ந்தேன். அரவேணுவிலிருந்து கோத்தகிரி ஏறும்போது முன்னால் ஓர் அரசுப் பேருந்து நின்றது. அவர் கை பிரேக்கைத் தொடவே இல்லை. கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே ஏற்றத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தார். பேருந்தில் பத்துப் பேர் ஏறி இறங்கி முடிக்கும்வரை அப்படியே. காருக்குள் தீய்ந்த நாற்றம் வந்துவிட்டது. திரும்பி இறங்கும்போது பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டார். நான் பின்னாலிருந்து கத்தினேன்.

வீட்டுக்கு வந்ததும், "இன்ஜினில் இழுவை இல்லை, கிளட்ச் நாறுகிறது, 60,000 குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் கிளப்பிய நாற்றத்துக்கு நான் விலை குறைக்க வேண்டுமாம். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இந்த வண்டியில்தான் என் அம்மாவை மூன்று ஆண்டுகள் கோவை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வந்தேன். ஒருநாள்கூட அது வழியில் நின்றதில்லை.

ஓட்டிப் பார்க்கவே கொடுக்க முடியாது என்று சொல்லிவிடலாமா? கொடுத்தால், முன்கூட்டியே என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?


இரண்டாம் கியர்:

அரவேணு நண்பருக்கு. 22 ஆண்டுகளாக நீலகிரியில் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். என் சொந்த வண்டிகளில் நான்கை நானே நேரடியாக விற்றிருக்கிறேன்.

ஓட்டிப் பார்க்க மறுக்காதீர்கள். மறுத்தால் வண்டியில் ஏதோ குறை இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் எந்த வழி, எந்த நேரம், யார் எங்கே உட்காருவது என்ற மூன்றையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் பின்னிருக்கைக்குப் போன அந்த நிமிடமே வண்டி உங்கள் கையை விட்டுப் போய்விட்டது.

நான் செய்வது இப்படி. முதல் பாதி நானே ஓட்டுவேன். வாங்க வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்கட்டும், கியர் விழுவதைப் பார்க்கட்டும். மலையில் இந்த வண்டியை எப்படிக் கையாள வேண்டும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்வார். பேருந்து திரும்பும் அளவு அகலமான, மட்டமான இடத்தில் நிறுத்தி இடம் மாறுவோம். வளைவிலோ ஏற்றத்திலோ ஒருபோதும் மாற மாட்டேன்.

அவர் அமர்ந்த பிறகு, சாவியைத் திருப்பும் முன்பே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுவேன். ஏற்றத்தில் நின்றால் கை பிரேக்கைப் போட்டுவிட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். இறக்கத்தில் நியூட்ரல் கூடாது. ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். சொன்னதற்காக இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கீழே ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தெரியாததுதான் காரணம், திமிர் அல்ல. நியூட்ரலில் விட்டால் வண்டியின் எடை முழுவதும் பிரேக் மேல் விழுகிறது. பேடு சூடேறிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. இன்ஜினையும் அணைத்துவிடுவோர் உண்டு. அப்போது பிரேக் மிதி கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

நீங்கள் முன்னால் இடப்பக்கம் உட்கார வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் வண்டியில் கை பிரேக் நடுவில்தான் இருக்கிறது, கைக்கு எட்டும். அவசரம் என்றால் அதன் பொத்தானை அழுத்தியபடியே சிறிது சிறிதாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிவிடும்.

வழியைப் பொறுத்தவரை, மேட்டுப்பாளையம் சாலைப் பக்கமே போகாதீர்கள். கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு வரை போய்த் திரும்பினால் ஏற்றம், இறக்கம், வளைவு எல்லாம் கிடைத்துவிடும். கோடநாடு சாலையும் நல்லதுதான். காலையில் நெரிசல் இருக்காது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் யாரையும் வரச் சொல்லாதீர்கள். மேகம் இறங்கிவிட்டால் பத்தடி தெரியாது. போதாக்குறைக்குத் தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டெருமை சாலைக்கு வரும் நேரமும் அதுதான்.


காரமடை வண்டிக்காரன்:

சமவெளிக்காரன் என்பதால் என் பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் குன்னூரில் ஒரு பெட்ரோல் கார் வாங்கினேன். நானும் "இழுவை இல்லை" என்றுதான் அங்கே சொன்னேன், விலையைக் குறைப்பதற்காக அல்ல, உண்மையிலேயே எனக்கு அப்படித் தோன்றியது. அந்த வீட்டுப் பெரியவர் கோபப்படாமல், "தம்பி, பர்லியாறு தாண்டிக் கல்லாறு வரை என்னோடு வா" என்று அவரே ஓட்டி இறக்கினார். கல்லாறில் என்னிடம் கொடுத்தார். அது வேறு வண்டி போல ஓடியது.

காரணம் எளியது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்குக் காற்று குறைந்தால் சக்தியும் அதே அளவு குறையும். குன்னூரும் கோத்தகிரியும் உதகையைவிடத் தாழ்வு என்றாலும் கீழிருந்து வருபவருக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். வருபவரிடம் இதை வண்டியில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். ஓட்டிய பிறகு சொன்னால் சாக்குப் போலத்தான் கேட்கும்.

இன்னொன்று. நான் போய்ப் பார்த்த வேறொரு வீட்டில், நான் வருவதற்கு முன்பே இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார்கள். பானெட்டைத் தொட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குளிர்ந்த இன்ஜின் முதல் திருப்பலில் எப்படிப் பிடிக்கிறது, எந்த நிறத்தில் புகை வருகிறது என்பதைத்தான் வாங்குபவன் பார்க்க விரும்புகிறான். நீலகிரிக் குளிரில் காலை எட்டு மணிக்கு ஒரே திருப்பலில் பிடிக்கும் வண்டி என்றால் அதைவிட நல்ல சான்று கிடையாது. எங்கள் கண்முன்னால் எங்களையே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.


தொட்டபெட்டா காற்று:

இவ்வளவு யோசிக்க வேண்டியதே இல்லை. நான் யாருக்கும் ஸ்டீயரிங்கைக் கொடுப்பதில்லை. வேண்டுமானால் நானே 30 கிலோமீட்டர் ஓட்டிக்காட்டுவேன், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும். பிடித்தால் வாங்கட்டும். அப்படியும் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் 20,000 ரூபாய் முன்பணம், ஆதார் அட்டையின் அசல், இரண்டையும் என் வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும்.


காரமடை வண்டிக்காரன்:

மன்னியுங்கள், உங்களிடம் நான் வாங்க மாட்டேன். கிளட்ச் எங்கே பிடிக்கிறது, பிரேக் எவ்வளவு ஆழத்தில் பிடிக்கிறது, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதெல்லாம் காலும் கையும் அறிய வேண்டியவை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அறிய முடியாது. என் சேமிப்பு முழுவதையும் கொடுத்து வாங்கும் பொருளை நான் தொட்டுப் பார்க்கக்கூடாதா?


கேத்தி மேடு:

நான் தனியாக வசிக்கும் பெண். கணவர் இறந்த பிறகு அவருடைய காரைச் சென்ற ஆண்டு விற்றேன். கிளட்சைவிட எனக்கு வேறு கவலைகள் இருந்தன. அவற்றையும் யாராவது எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

வீட்டு முகவரியை யாருக்கும் கொடுக்கவில்லை. லவ்டேல் சந்திப்பு அருகே, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் காலை பத்து மணிக்கு வரச் சொன்னேன். என் தம்பி உடன் வந்தான். வருபவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது, ஓட்டப்போகிறவரின் உரிமத்தைப் படம் எடுத்து முந்தைய நாளே அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அனுப்பத் தயங்கியவர்கள் பிறகு பேசவே இல்லை. அதுவே எனக்கு நல்லதாயிற்று.

ஒரு சம்பவம். இருவர் வந்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். மற்றவர் பின்னால் நின்று, "அக்கா, பிரேக் விளக்கு எரியவில்லை போலிருக்கிறது, கொஞ்சம் வந்து பாருங்கள்" என்றார். கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டேன். தம்பி சாலையின் மறுபக்கம் நின்றான். அந்தக் கணத்தில் என்னவோ உறுத்தியது. கையை நீட்டி இன்ஜினை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டுதான் இறங்கினேன். போய்ப் பார்த்தால் இரண்டு விளக்குகளும் நன்றாக எரிந்தன. அவர்கள் நல்லவர்களாகவே இருந்திருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரே விதிதான்: நான் இறங்கினால் சாவியும் என்னோடு இறங்கும். இடம் மாறும்போதும் அப்படித்தான், அவர் அமர்ந்து நானும் அமர்ந்த பிறகே சாவி.

பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். சாவி உங்கள் பையில் இருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் நீங்கள் தள்ளிப்போனதும் நின்றுவிடாது. அணைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். இரண்டாவது சாவியை விற்பனை முடியும்வரை கண்ணிலேயே காட்டாதீர்கள்.


படிவம் 30:

காப்பீட்டுத் துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். கேத்தி அம்மா உரிமத்தைக் கேட்டு வாங்கியது மிகச் சரி. அது மரியாதைக் குறைவு அல்ல, சட்டப்படி உங்கள் கடமை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாதவரை ஓட்டவிடுவது உரிமையாளரின் குற்றம். 180ஆம் பிரிவில் அதற்கு 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பழகுநர் உரிமம் போதாது. காகிதத்தில் இல்லையென்றால் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ காட்டச் சொல்லுங்கள். செல்லுபடி தேதியையும் இலகுரக வாகனம் ஓட்ட அனுமதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தனியார் கார் காப்பீடு உரிமையாளர் ஓட்டும்போது மட்டும்தான் பொருந்தும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உங்கள் அனுமதியோடு ஓட்டும் எவருக்கும் பொருந்தும். அவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உரிமம் இல்லாதவர் ஒருவரை மோதிவிட்டால், நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணம் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கலாம். வீடு வாசலை விற்று அடைத்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதிகம் பேர் படிக்காத ஒரு வரியும் பாலிசியில் இருக்கிறது. வாகன வியாபாரம் தொடர்பான பயன்பாட்டுக்கு இந்தக் காப்பீடு பொருந்தாது என்பது அது. வண்டியை வாங்கி விற்கும் வியாபாரி வந்து, "நாளை மாலைவரை என்னிடம் இருக்கட்டும், என் ஆட்களிடம் காட்டிவிட்டு வருகிறேன்" என்று கேட்டால் இதற்காகவே கொடுக்காதீர்கள். ஏதாவது நேர்ந்தால் நிறுவனம் இந்த வரியைத்தான் முதலில் எடுக்கும்.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு ஒரு பைசாகூட வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், ஒருமுறை இழப்பீடு வாங்கினால் இத்தனை ஆண்டு சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். ஐந்து ஆண்டு இழப்பீடு கேட்காதவருக்கு, சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் அது 50 சதவீதத் தள்ளுபடி. அந்தச் சலுகை வண்டிக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. விற்ற பிறகு அடுத்த வண்டிக்கு எடுத்துப்போகலாம். யாரோ ஒருவர் உரசியதற்காக அதை இழக்காதீர்கள்.

ஆதார் அட்டையின் அசலைப் பிடித்து வைப்பது தவறு. முன்பணமும் வேண்டாம். பணம் கைமாறினால் விற்பதாக ஒப்புக்கொண்டீர்கள் என்ற வாதத்துக்கு இடமாகிவிடும். அதற்குப் பதிலாக அரைத்தாளில் நான்கு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தேதியும் நேரமும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் ஓட்டியபோது கேமராவில் சிக்கினால் அபராதம் உங்கள் பெயருக்குத்தான் வரும். யார் ஓட்டினார் என்று காட்ட அந்தத் தாள் வேண்டும்.


தொட்டபெட்டா காற்று:

படிவம் 30 ஐயா, முன்பணம் பற்றி நீங்கள் சொன்ன கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. ஆதார் விஷயத்தையும் விட்டுவிடுகிறேன். ஆனாலும் அரைத்தாளில் கையெழுத்துப் போட்டவர் நாளை, "நான் உரசவே இல்லை" என்றால் என்ன செய்வது? கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி ஒருமுறை வீடியோ எடுத்துக்கொள்வதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.


அருவங்காடு பட்டறை:

வீடியோ நல்ல யோசனை. நான்கு அலாய் சக்கரங்களையும் முன் பம்பரின் அடிப்பகுதியையும் விடாமல் எடுங்கள்.

முதலில் எழுதிய நண்பருக்கு ஓர் ஆறுதல். ஒருமுறை தீய்ந்த நாற்றம் வந்ததாலேயே கிளட்ச் போய்விடாது. கால்மணி நேரம் ஆறவிட்டு ஓட்டிப் பாருங்கள். மிதி முன்பு பிடித்த அதே உயரத்தில் பிடிக்கிறதா? மூன்றாம் கியரில் மெதுவாக ஏற்றம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் உயர்ந்து வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறினால் பயப்பட ஒன்றுமில்லை. வருபவர் கிளட்சைச் சந்தேகித்தால் இதே சோதனையை நீங்களே செய்து காட்டலாம். கை பிரேக்கைப் போட்டுவிட்டு ஏற்றத்தில் உறுமவிடுவதைச் சிலர் சோதனை என்கிறார்கள், அனுமதிக்காதீர்கள்.

ஓட்டிவிட்டுத் திரும்பியதும் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன்சக்கரம் இரண்டிலும் சூடு ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கத்து பிரேக் விடாமல் பிடிக்கிறது. வாங்க வந்தவர் கண்டுபிடித்து விலை பேசுவதற்கு முன் நீங்களே சரிசெய்துவிடலாம். வைப்பர், பின்கண்ணாடியின் பனி நீக்கி, டயர் காற்று ஆகியவற்றை முந்தைய நாளே பாருங்கள். தன் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று கேட்டால் தாராளமாகச் சம்மதியுங்கள், ஆனால் பட்டறைக்கு நீங்களே ஓட்டிச் செல்லுங்கள்.


இரண்டாம் கியர்:

ஒரு சிறிய நினைவூட்டல். வெளிமாவட்ட வண்டியில் வருபவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது இல்லாமல் வந்து குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் நின்றுவிட்டு, நண்பகலுக்கு மேல் பரபரப்போடு வந்து சேர்வார்கள். அந்தப் பரபரப்போடுதான் உங்கள் வண்டியையும் ஓட்டுவார்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.


அரவேணு வாசி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வண்டி விற்றுவிட்டது. உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கட்டபெட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதியர் வந்தார்கள். காலை எட்டரை மணி. இரவெல்லாம் பனி விழுந்து கண்ணாடி வெளுத்திருந்தது. பானெட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவையே ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஒரே திருப்பலில் பிடித்தது. அரைத்தாளை நீட்டியபோது தயங்குவாரோ என்று நினைத்தேன். "இதைப் பார்த்ததும்தான் வண்டியை நன்றாக வைத்திருப்பீர்கள் என்று நம்பிக்கை வருகிறது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் பாதி நான் ஓட்டினேன். பிறகு அவர். ஓர் ஏற்றத்தில் எதிரே பச்சைத்தேயிலை ஏற்றிய லாரி இறங்கி வந்தது. ஏறும் வண்டிக்குத்தான் வழி விட வேண்டும், லாரிக்காரர் ஒதுங்கினார்; ஆனாலும் இடம் போதவில்லை. அந்த அம்மா நின்றார், கை பிரேக்கை இழுத்தார், காலை எடுத்தார், காத்திருந்தார். லாரி போனதும் முதல் கியர். வண்டியின் முகம் லேசாக எழுவதைப் பார்த்துவிட்டுக் கை பிரேக்கை விட்டார். ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளவில்லை. என் வண்டியை இவரிடம் கொடுக்கலாம் என்று அப்போதே மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன். 15,000 குறைத்துக்கொண்டேன். பின் டயர் இரண்டும் தேய்ந்திருந்தன, அவர் கேட்டது நியாயம்தான்.

பணம் முழுவதையும் வங்கி வழியாகவே வாங்கினேன். செல்பேசியில் அவர் காட்டிய படத்தை நம்பாமல் என் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே இரண்டாவது சாவியைக் கொடுத்தேன். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அன்றே கையெழுத்து.


படிவம் 30:

மிக்க மகிழ்ச்சி. ஒரு வேலை பாக்கி இருக்கிறது. விற்ற 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பெயர் மாறியதை எம்பரிவாகனில் பார்க்கும்வரை விடாதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஃபாஸ்டேகையும் மூடிவிடுங்கள்.


அரவேணு வாசி:

ஐந்தாம் நாளே தெரிவித்துவிட்டேன் ஐயா. நேற்றுப் பெயரும் மாறிவிட்டது. அரைத்தாளில் என்ன எழுதினோம் என்று தனிமடலில் நான்கைந்து பேர் கேட்டிருந்தார்கள். அப்படியே கீழே தருகிறேன்.

"இன்று காலை 8.50 மணிக்கு, கீழே குறித்த எண்ணுள்ள காரை உரிமையாளர் உடனிருக்க ஓட்டிப் பார்க்கப் பெற்றுக்கொள்கிறேன். என் ஓட்டுநர் உரிமத்தின் எண்ணும் செல்லுபடி தேதியும் கீழே உள்ளன. கட்டபெட்டு வரை சென்று திரும்புவோம். நான் ஓட்டும்போது வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கும் போக்குவரத்து அபராதத்துக்கும் நானே பொறுப்பு. இது வாங்குவதற்கான ஒப்பந்தம் அல்ல. கிளம்பும்போது கிலோமீட்டர்: ____. திரும்பும்போது: ____."


கேத்தி மேடு:

எடுத்து வைத்துக்கொண்டேன். "திரும்பிய நேரம்" என்று ஓர் இடத்தையும் விட்டுவிடுங்கள். அடுத்த மாதம் என் அண்ணனின் ஜீப்பை விற்கப் போகிறோம், அதற்கு இதையே பயன்படுத்துகிறேன்.